புகைக்குழாயில் ஒரு சாட்சி

1789ஆம் ஆண்டு, பேர்லின் நகரத்தில் மார்ட்டின் ஹைன்ரிஹ் கிளாப்ரோத் என்ற இரசாயனவியலாளர் இலங்கையிலிருந்து போன ஒரு கல்லைப் பொடியாக்கிப் பகுத்துப் பார்த்தார். அது சிர்க்கோன். அதில் நிறமில்லாத வகையை நம் தெற்கில் பட்டை தீட்டி ‘மாத்தறை வைரம்’ என்று விற்பார்கள். அன்றுவரை யாரும் அறிந்திராத ஒரு வெள்ளைப் பொடி அந்தக் கல்லிலிருந்து பிரிந்து வந்தது. அதே ஆண்டில் யுரேனியத்தையும் கண்டுபிடித்தவர் அவர் என்பதால், வரலாற்று நூல்களில் இந்த வெள்ளைப் பொடிக்குக் கிடைக்கும் இடம் சிறியது. பொடியின் பெயர் சிர்க்கோனியா. கொத்மலையிலிருந்து ரம்பொடைக்கு மூச்சுவாங்கி ஏறும் ஒரு பழைய காரின் புகைக்குழாயில் திருகியிருக்கும் ஒக்சிஜன் சென்சரின் உயிர், விரல் நுனியளவு சிர்க்கோனியாவில்தான் இருக்கிறது.

இன்று அந்தச் சென்சருக்குள் இருக்கும் சிர்க்கோனியா பெரும்பாலும் அவுஸ்திரேலியா அல்லது தென்னாபிரிக்கக் கடற்கரை மணலிலிருந்து வந்திருக்கும். உலகுக்கு அதை அதிகம் கொடுப்பவை அந்த இரு நாடுகள். நம் புல்மோட்டை மணலிலும் இல்மனைற், ரூட்டைல் ஆகியவற்றோடு சிர்க்கோன் கிடக்கிறது. ஆனாலும் சிர்க்கோனியா முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது இந்தத் தீவின் கல்லில் என்பதை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். நமக்கும் வாகன விஞ்ஞானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மலையகத்துப் பையன் நினைக்கக் கூடாது.

தூய சிர்க்கோனியா ஒரு முரட்டுப் பொருள். நன்றாகச் சூடாக்கி ஆறவிட்டால் உள்ளமைப்பு மாறி வெடித்துப்போகும். அதைப் பக்குவப்படுத்த இன்னொரு மண் வேண்டும். சுவீடனில் ஸ்டொக்ஹோமுக்கு அருகே இற்றர்பி என்ற ஊரின் கற்குழியில் கிடைத்த கறுப்புக் கல்லை 1794இல் யொஹான் கடோலின் ஆராய்ந்தார். அதிலிருந்து வந்தது இற்றியா. இந்த இரண்டையும் கலந்து சுட்டால் வெடிக்காத பீங்கான் கிடைக்கும். அதைவிட முக்கியமான ஒன்றும் நடக்கும்: இற்றியா புகுந்த இடங்களில் ஒட்சிசன் அணுக்கள் இருக்க வேண்டிய சில இருக்கைகள் காலியாகின்றன. சூடு ஏறியதும் பக்கத்து ஒட்சிசன் அயன் அந்தக் காலி இருக்கைக்குத் தாவுகிறது, அது விட்ட இடத்துக்கு இன்னொன்று தாவுகிறது. இலத்திரன் ஓடாத பீங்கானில் ஒட்சிசனே மின்னைச் சுமந்து ஓடத் தொடங்குகிறது. காலி இருக்கைகள்தான் காரணம் என்பதை கார்ல் வாக்னர் 1943இல் விளக்கினார். ஆனால் அதற்கு முன்பே ஒருவர் அதை விளக்காக எரியவிட்டுவிட்டார்.

அவர் வால்ற்றர் நேர்ன்ஸ்ற். 1897இல் சிர்க்கோனியாவும் இற்றியாவும் கலந்த மெல்லிய குச்சியில் மின்சாரம் செலுத்தி ஒரு விளக்குச் செய்தார். குளிர்ந்திருக்கும்போது அந்தக் குச்சியில் மின் ஓடாது. முதலில் வேறொன்றால் சுட வைத்து, பிறகுதான் ஏற்ற வேண்டும். கார் சென்சருக்குள் இன்று ஒரு ஹீற்றர் இருப்பதற்கும் காரணம் இதே குணம்தான். கராஜ்களில் அதிகம் பழுதாகி வருவதும் அந்த ஹீற்றர்தான். நேர்ன்ஸ்ற் அதற்கும் முன்பே, 1889இல், இரண்டு பக்கத்திலும் ஒரு பொருளின் செறிவு வேறுபட்டால் அங்கே எவ்வளவு மின்னழுத்தம் பிறக்கும் என்று கணக்கிடும் சமன்பாட்டை எழுதியிருந்தார். உயர்தர இரசாயனவியல் படித்தவர்களுக்கு அது தெரிந்த சமன்பாடு. விளக்கும் சமன்பாடும் ஒரே ஆளிடம் இருந்தன. இரண்டும் ஒரு காரின் புகைக்குழாயில் ஒன்றுசேர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

சேர்த்தது ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த பொஷ் நிறுவனம். காரணம் கலிபோர்னியா. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் புகைமூட்டத்தால் அந்த மாநிலம் வாகனப் புகைக்கு உலகிலேயே கடுமையான சட்டங்களைப் போட்டது. காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டு ஆகிய மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அழிக்கும் கன்வேர்ட்டர் இருந்தது. ஆனால் அது ஒரு பிடிவாதக்காரப் பெட்டி. ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையில் 14.7 பங்கு காற்று என்ற கணக்கின் மிகச் சமீபத்தில் என்ஜின் ஓடினால்தான் மூன்றும் சேர்ந்து அழியும். கொஞ்சம் பெற்றோல் கூடினால் முதல் இரண்டும் தப்பும், கொஞ்சம் காற்றுக் கூடினால் மூன்றாவது தப்பும். காபரேற்றரின் திருகை மனிதக் கையால் அவ்வளவு நுட்பமாகத் திருப்ப முடியாது. வெளியே போகும் புகையை நொடிக்கு நொடி பார்த்து உள்ளே போகும் பெற்றோலைத் திருத்த ஒருவர் வேண்டும். 1976இல் சுவீடனின் வொல்வோ 240 வரிசைக் கார்கள் அந்தச் சென்சரோடு அமெரிக்காவுக்குப் போயின. முன்பக்கக் கிரில்லில் ‘லாம்டா சொண்ட்’ என்று ஒரு சிறு பட்டயம் மாட்டியிருந்தார்கள். புகைக்குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஒரு பொருளுக்கு முகப்பில் பெயர்ப்பலகை வைத்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

அதற்குச் சில ஆண்டுகளிலேயே சுவீடனின் பணமும் ஸ்கன்ஸ்கா நிறுவனத்தின் எந்திரங்களும் கொத்மலைக்கு வந்தன. மகாவலித் திட்டத்தில் விக்டோரியாவுக்குப் பிரித்தானியாவும் ரந்தெனிகலைக்கு ஜேர்மனியும் உதவியபோது, கொத்மலை ஓயாவை மறிக்கும் வேலை சுவீடனின் உதவியோடு நடந்தது. 87 மீற்றர் உயரமான அணை 1985இல் முடிந்தது; அதன் மின்நிலையத்தின் கொள்ளளவு 201 மெகாவாற். ஊர்களும் வயல்களும் தேயிலை நிலங்களும் கோவில்களும் நீருக்குள் போயின. அந்த இழப்பைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வருவது ஒன்றுதான்: இற்றியா கிடைத்த நாடும், சென்சரை முதலில் காரில் பூட்டிய நாடும், கொத்மலை அணையைக் கட்டிய நாடும் ஒன்றே.

சென்சர் நம் தீவுக்கு வந்தது வேறு வழியில். ஜப்பானில் நகோயாவைச் சுற்றியிருக்கும் டென்சோ, என்ரிகே போன்ற தொழிற்சாலைகள் இதைக் கோடிக்கணக்கில் செய்யத் தொடங்கின. அங்கே சில வருடம் ஓடிய கார்கள் கப்பலேறி நம்மிடம் வந்தன. வந்த புதிதில் அவற்றுக்கு நேர்ந்தது ஒரு கொடுமை. 2002 வரை நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் விற்கப்பட்டது. ஈயம் சென்சரிலும் கன்வேர்ட்டரிலும் இருக்கும் பிளாட்டினப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். சென்சரும் சாகும், கன்வேர்ட்டரும் சாகும். அந்தக் காலத்து மெக்கானிக்குகளில் பலர் ‘இது ஜப்பான்காரனுக்கு வேண்டிய சாமான், நமக்கு வேண்டாம்’ என்று வயரைப் பிடுங்கிவிட்டதைக் குறை சொல்ல முடியாது. கெட்டுப்போனதைத்தான் பிடுங்கினார்கள். அந்தப் பழக்கம் ஈயம் போன பிறகும் நீடித்ததுதான் வருத்தம். 2008இல் வருடாந்தப் புகைப் பரிசோதனை வந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது என்று ஆனதும், பிடுங்கிய வயர்களைத் திரும்பத் தேட வேண்டியதாயிற்று. பிறகு 2020இல் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு வாசல் மறுபடி திறந்தது 2025இல். இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த கார்களே ஓடி ஓடிக் கிழமாயின, சென்சர்களும் கூடவே கிழமாயின.

இனி ஏ5 வீதி. கம்பளையில் ஏறத் தொடங்கும் கார் புசல்லாவை தாண்டி, கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரியும் வளைவுகளைக் கடந்து, தவலந்தன்னைச் சந்தி, ரம்பொடை, லபுக்கலை என்று ஏறி நுவரெலியாவில் 1868 மீற்றரைத் தொடுகிறது. கம்பளை 500 மீற்றர் அளவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே காற்று மெலிகிறது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதாவது அதே சிலிண்டருக்குள் அதே அளவு காற்று போனாலும் அதில் ஒட்சிசன் குறைவு. காபரேற்றர் காலத்துக் கார்களுக்கு இது தெரியாது. கொழும்பில் சரியாகத் திருகிவிட்ட காபரேற்றர் லபுக்கலையில் பெற்றோலை அள்ளி ஊற்றும், பிளக்குகள் கறுக்கும், ஏற்றத்தில் கார் முக்கும். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் மலைக்கு ஒரு திருகு, கீழ்நாட்டுக்கு ஒரு திருகு என்று வைத்திருந்தார்கள். எலக்ட்ரானிக் கார்களில் உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சர் முதல் கணக்கைப் போடுகிறது. அந்தக் கணக்கு சரியா என்று வெளியே போகும் புகையைப் பார்த்துச் சொல்பவர் நம் கதாநாயகர். தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு ‘இன்னும் கொஞ்சம் வாட்டணும்’ என்று சொல்வதுபோல, புகையை ருசித்துப் பெற்றோலைக் கூட்டு, குறை என்று சொல்வது அதன் வேலை.

வேலை செய்யும் விதம் எளிது. விரலுறை வடிவப் பீங்கான். வெளிப்புறம் புகை, உட்புறம் சாதாரணக் காற்று, இரண்டு பக்கமும் துளை நிறைந்த பிளாட்டினப் பூச்சு. முந்நூறு பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வேண்டும். புகையில் ஒட்சிசன் மிச்சமில்லை என்றால், அதாவது பெற்றோல் கூடியிருந்தால், உள்ளேயிருந்து வெளியே ஒட்சிசன் அயன்கள் போகத் துடித்து 0.8, 0.9 வோல்ற்று பிறக்கும். புகையில் ஒட்சிசன் மிச்சமிருந்தால் 0.1 வோல்ற்றுத்தான். நடுவிலே 0.45. அந்த எல்லையில் மின்னழுத்தம் செங்குத்தாகத் தாவும். அதனால்தான் என்ஜினை ஆளும் கம்பியூட்டருக்கு முடிவெடுப்பது சுலபம். பெற்றோல் கூடுதல் என்றதும் குறைக்கிறது, குறைவு என்றதும் கூட்டுகிறது. நல்ல சென்சர் சூடான என்ஜினில் செக்கனுக்கு ஒரு தடவையாவது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும்.

உள்ளே இருக்கும் சாதாரணக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பலர் யோசிப்பதில்லை. பல சென்சர்களில் அது வயரின் இழைகளுக்கு நடுவே நுழைந்து வருகிறது. வயரை வெட்டி ஈயப் பற்று வைத்து ஒட்டினால் அந்த மூச்சுக்குழாய் அடைபடும். கனெக்டருக்குள் எண்ணெய் ஸ்பிரே அடித்தாலும் அதே கதி. சத்தமில்லாமல் நடக்கும் கொலை இது.

சென்சர் வயதாகிச் சாகும்போது திடீரென்று சாவது குறைவு. ஹீற்றர் உள்ளவை சுமார் 160,000 கிலோமீற்றர்வரை தாங்கும் என்பார்கள். ஹீற்றர் இல்லாத பழையவை அதில் பாதிகூட வராது. முதலில் சோம்பல் வரும். புகை மாறி வெகுநேரம் கழித்துத்தான் மின்னழுத்தம் மாறும். கம்பியூட்டர் குழம்பி எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே பெற்றோல் கொடுக்கும். ஐட்லில் வண்டி உலுப்பும், சைலன்சர் வாய் கறுக்கும், புகையில் அழுகின முட்டை நாற்றம் வரலாம். இந்தக் கூடுதல் செலவு என்னவென்று 2022இல் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஜூனில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவானது. ஜூலையில் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கீடு வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். ஹயர் ஓடிப் பிழைப்பவருக்கு ஒவ்வொரு லீற்றரும் ஒரு பயணம். சோம்பிப்போன சென்சர் அதில் ஒரு பங்கைப் புகையாக்கி வெளியே விட்டது.

“அண்ணே, என்ஜின் லைட்டு எரியுது. கோட் அடிச்சுப் பார்த்தாங்க, ஒக்சிஜன் சென்சராம். மாத்திருங்க.”

“கொஞ்சம் பொறுங்க தம்பி. கோட்டு என்னான்னு சொல்லுச்சு? அத மொதல்ல சொல்லுங்க.”

இந்தப் பேச்சு மலையகக் கராஜ் எதிலும் கேட்கக்கூடியது. இரண்டாவது வசனத்தைச் சொல்லும் மெக்கானிக் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2024இல்தான் 1350 ரூபாவானது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து படித்து, கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைத்து, ஒரு பழைய காரை வாங்கி ஹயருக்கு விட்டிருப்பவரிடம் தேவையில்லாத சென்சர் ஒன்றை மாற்றச் சொல்வது அநியாயம். புகைக்குழாயில் இருக்கும் இந்தச் சாட்சி பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. அது சொன்ன குற்றத்தை அதன் தலையிலேயே கட்டித் தூக்கில் போடுகிறோம்.

கோட் என்பது கம்பியூட்டர் பதிந்துவைக்கும் பழுதுக் குறியீடு. பி0171 என்ற கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோலுக்குக் காற்று அதிகம் என்பது அதன் அர்த்தம். சென்சர் கெட்டது என்று அதில் ஒரு எழுத்தும் இல்லை. காற்று உறிஞ்சும் ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம், காற்றளவி அழுக்கேறியிருக்கலாம், பெற்றோல் பம்பு களைத்திருக்கலாம். சென்சருக்கு முன்னால் புகைக்குழாயின் காஸ்கெற் போயிருந்தால் இன்னும் மோசம்: ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று அந்தப் பிளவால் உள்ளே இழுபட்டு, ஒட்சிசன் மிச்சமிருக்கிறது என்று சென்சரை நம்பவைக்கும். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் அடிபட்டு ஓடும் வண்டியில் இதை முதலில் பார்க்க வேண்டும். குளிர்ந்த என்ஜினை ஸ்ரார்ட் செய்ததும் காதைக் கொடுத்தால் ‘டிக் டிக்’ என்ற சத்தமும், இணைப்பில் கரிக்கோடும் காட்டிக்கொடுத்துவிடும்.

பி0420 வேறு கதை. அது கன்வேர்ட்டர் வேலை செய்யவில்லை என்கிறது. கன்வேர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சர் 0.6, 0.7 வோல்ற்றில் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். முன்சென்சர் ஆடும் அதே ஆட்டத்தை அதுவும் ஆடினால் நடுவிலிருக்கும் பெட்டி செத்துவிட்டது, அல்லது உள்ளே ஒன்றுமே இல்லை. கன்வேர்ட்டருக்குள் இருக்கும் விலையுயர்ந்த உலோகங்களுக்காக அதைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாயை ஒட்டிய கார்கள் ஓடுகின்றன. வாங்கியவருக்குத் தெரியாது. அவரிடம் இரண்டாவது சென்சரை மாற்றச் சொல்லி இரண்டு மூன்று தடவை காசு வாங்கினாலும் லைட் அணையாது.

பி0135 வந்தால்தான் பேச்சு சென்சரின் உடம்பைப் பற்றியது. அது ஹீற்றர் சுற்று. அப்போதும் முதலில் பியூசைப் பார்க்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி 12 வோல்ற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு மீற்றரை ஓமில் வைத்து ஹீற்றரின் இரண்டு முனைகளையும் தொட வேண்டும். குளிர்ந்த நிலையில் சில ஓமிலிருந்து பத்துப் பதினைந்து ஓம்வரை, காருக்குக் கார் மாறும். முடிவிலி காட்டினால் உள்ளே இழை அறுந்துவிட்டது, சென்சர் போய்விட்டது, சந்தேகமில்லை. நுவரெலியாப் பக்கம் பனிக்காலை ஒன்றில் ஹீற்றர் இல்லாத சென்சர் புகையின் சூட்டை மட்டும் நம்பி எழுவதற்குள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம். அதுவரை கார் குருட்டுக் கணக்கில் பெற்றோல் குடிக்கும்.

ஹீற்றர் நல்லது, ஆனாலும் சந்தேகம் தீரவில்லை என்றால் சென்சரைச் சோதித்துக் கேட்கலாம். என்ஜினைச் சூடாக்கி, எக்ஸிலேட்டரைச் சட்டென்று ஒரு உதை உதைத்தால் மின்னழுத்தம் 0.8க்கு மேல் தாவ வேண்டும். ஒரு வெற்றிடக் குழாயைக் கழற்றிக் காற்றுப் புகவிட்டால் 0.2க்குக் கீழே விழ வேண்டும். இரண்டையும் உடனே செய்தால் சாட்சி நேர்மையானது. குற்றவாளியை வேறிடத்தில் தேடுங்கள். தாமதமாகச் செய்தாலோ நடுவிலேயே நின்றுவிட்டாலோ அதன் காலம் முடிந்தது.

இந்தப் பக்கத்தவருக்கு வேறு ஊர்களில் இல்லாத ஒரு வசதியும் இருக்கிறது. லபுக்கலையிலிருந்து ரம்பொடைக்கு இறங்கும் நீண்ட இறக்கம். கியரில் விட்டுக் காலை எடுத்தால் கம்பியூட்டர் பெற்றோலை முழுதாக நிறுத்திவிடும். புகைக்குழாயில் போவது வெறும் காற்று. நல்ல சென்சர் உடனே பூச்சியத்துக்குப் பக்கத்தில் விழுந்து, மறுபடி மிதிக்கும்வரை அங்கேயே கிடக்கும். கோட் படிக்கும் ஸ்கேனரைக் கையில் பிடித்தபடி பக்கத்து சீற்றில் ஒருவர் உட்கார்ந்தால் போதும்.

சரி, போய்விட்டது என்று உறுதியாயிற்று. இனிப் பஞ்சிகாவத்தை. கொழும்பின் அந்தத் தெருக்களில் இல்லாத வாகனச் சாமான் இல்லை. ஜப்பான் கார்களிலிருந்து வெட்டியெடுத்த பாவித்த சென்சர்கள் வயரோடு தொங்கும். புதுப் பெட்டியில் வந்தவை உண்டு. புதுப் பெட்டிக்குள் போலியும் உண்டு. இங்கே தவறுவது பெரும்பாலும் இனத்தில். பல டொயோட்டாக்களில் முன்பக்கம் இருப்பது சாதாரண ஒக்சிஜன் சென்சர் அல்ல, ஏர்-பியூவல் சென்சர். பார்க்க இரட்டைப் பிள்ளைகள், இரண்டுக்கும் நான்கு வயர். ஆனால் இது மேலும் கீழும் ஆடாது. கணக்குச் சரியாக இருக்கும்போது 3.3 வோல்ற்றுக்குப் பக்கத்தில் அமைதியாக நிற்கும். இது தெரியாதவர் ‘ஆடவில்லை, செத்துவிட்டது’ என்று நல்லதைக் கழற்றிவிடுவார். ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டினால் கார் ஒழுங்காக ஓடவே ஓடாது. டொயோட்டாவின் பாகவெண்ணில் 89465 என்று தொடங்கினால் ஒக்சிஜன் சென்சர், 89467 என்றால் ஏர்-பியூவல் சென்சர். பழையதன் உடம்பில் இருக்கும் எண்ணைத் துடைத்துப் படமெடுத்து அனுப்பாமல் ஓடர் கொடுக்கக் கூடாது. பாவித்ததை வாங்குவதாயின் ஹீற்றரை அளந்து பார்த்து வாங்கலாம். ஆனால் அதன் சோம்பலைக் கடையில் வைத்து அளக்க முடியாது என்பதால் என் வாக்கு புதியதற்கே. காசு கொடுத்ததும் பெட்டி நுவரெலியா பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஏறும். தவலந்தன்னைச் சந்தியில் ஒருவர் காத்திருந்து வாங்கிக்கொள்வார்.

பழையதைக் கழற்றுவதுதான் உடம்பு வேலை. பதினெட்டு மில்லிமீற்றர்ப் புரி, இருபத்திரண்டு சாவி. வருடம் முழுவதும் மழையும் மூடுபனியும் குடித்த புகைக்குழாய் அதைத் துருவால் கவ்விப் பிடித்திருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை ஊறவிட்டு, என்ஜினைக் கொஞ்சம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி, வயர் நுழைய வெட்டு வைத்த சொக்கெட்டால் ஒரே சீராக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அடித்தால் புரி உரிந்துவிடும். பிறகு வெல்டிங் கடை, இன்னொரு செலவு.

கழற்றியதை ஓரமாக எறிந்துவிட வேண்டாம். அதன் மூக்கைப் பார்த்தால் எதனால் செத்தது என்று தெரியும். கறுப்புக் கரி படிந்திருந்தால் வெகுகாலம் பெற்றோல் கூடி ஓடியிருக்கிறது. பழுப்புச் சாம்பல் என்றால் என்ஜின் ஒயில் எரிகிறது. வெள்ளைப் படிவு என்றால் இரண்டு சந்தேகம்: ஹெட் காஸ்கெற் வழியாகக் கூலன்ற் சிலிண்டருக்குள் கசிகிறது, அல்லது முன்பு வேலை பார்த்த யாரோ பொருந்தாத சிலிக்கன் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார். இவற்றைச் சரிசெய்யாமல் புதியதைப் பூட்டினால் அதற்கும் அதே சாவுதான். கூடவே ஒரு ஆசை. பயிற்சிக்கு வரும் பையன்களுக்காக இப்படி நான்கு ஐந்து பழைய மூக்குகளை ஒரு பலகையில் ஆணியடித்து, கீழே தமிழில் காரணத்தை எழுதி, ஒவ்வொரு கராஜ் சுவரிலும் மாட்டி வைக்க வேண்டும். ஸ்கேனர் ஆங்கிலம் பேசும். பழைய கார்களின் புத்தகங்கள் ஜப்பானிய மொழி பேசும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சாவி பிடிக்கும் பிள்ளைக்குத் தன் மொழியில் ஒரு பலகையாவது இருக்கட்டும்.

புதியதன் புரியில் மட்டும் சூடு தாங்கும் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும்; சிலவற்றில் கொம்பனியே பூசி அனுப்பியிருக்கும். மூக்கில் அது படக் கூடாது, விரலும் படாமல் இருந்தால் நல்லது. கையால் கடைசிவரை திருகிவிட்டு, டோர்க் சாவியில் 40 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்கினால் போதும். கீழே விழுந்த சென்சரைப் பூட்ட வேண்டாம், உள்ளே இருப்பது பீங்கான். வயரைப் புகைக்குழாயில் தொடாதபடி பழைய கிளிப்புகளிலேயே மாட்ட வேண்டும்.

பிறகு கோட்டை அழித்துவிட்டு, தவலந்தன்னையிலிருந்து லபுக்கலைவரை ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். முழு மிதியில் ஏறும்போது கம்பியூட்டர் வேண்டுமென்றே பெற்றோலைக் கூட்டும், அப்போது 0.9இல் நிற்பது சரிதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சமதரையில் ஆட்டம் திரும்ப வேண்டும், இறக்கத்தில் பூச்சியம் வர வேண்டும். பற்றரி வயரைக் கழற்றியோ கோட்டை அழித்தோ இருந்தால் கம்பியூட்டர் பழைய திருத்தங்களை மறந்து முதலிலிருந்து கற்கும், முதல் நாள் ஐட்ல் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். ஒரு இருநூறு கிலோமீற்றர் மலையிலும் கம்பளைப் பக்கத்திலுமாக ஓடிய பிறகு ஸ்கேனரை மறுபடி செருகி, நீண்டகாலப் பெற்றோல் திருத்தத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து சதவீதத்துக்குள் வந்து நின்றிருந்தால் புகைப் பரிசோதனைக்கு வண்டியைக் கொண்டுபோகலாம்.